ஊரும் தகுதியும்: தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் கிராமப்புற, நகர்ப்புற மாணாக்கர்

இந்திய உச்ச நீதிமன்றம் 1951ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் செண்பகம் துரைராஜன் வழக்கில் வழங்கிய தீர்ப்பு வரலாற்று மாணாக்கர் அனைவரும் அறிந்த ஒன்று. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை அத்தீர்ப்பினால் வீழ்ந்தது. அதன் எதிரொலியாக இந்திய அரசமைப்புச் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. இவ்விரு செய்திகளும் பாடநூல்களில் இடம்பெற்றுவிட்டன. ஆயினும் அத்தீர்ப்பின் தொடக்கப் பகுதியில், வழக்கின் பின்னணியை விளக்குமிடத்தில், பெரும்பாலோர் கடந்து செல்லும் ஒரு குறிப்பு உண்டு. அன்றைய சென்னை மாநிலத்தில் அரசு நடத்திய மருத்துவக் கல்லூரிகள் நான்கு, இடங்கள் 330. அவற்றுள் 17 வெளிமாநிலத்தார்க்கும் 12 அரசின் விருப்புரிமைக்கும் ஒதுக்கப்பட்டன. எஞ்சிய இடங்கள் மாநிலத்தின் மாவட்டங்களை நான்கு தொகுதிகளாக வகுத்து அவற்றிற்கிடையே பகிரப்பட்டன. அதன் பின்னரே ஒவ்வொரு தொகுதியிலும் பதினான்கு இடங்களுக்குப் பிராமணரல்லாத இந்துக்கள் அறுவர், பிற்படுத்தப்பட்ட இந்துக்கள் இருவர், பிராமணர் இருவர், அரிசனர் இருவர், ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறித்தவரும் சேர்ந்து ஒருவர், இசுலாமியர் ஒருவர் என்னும் வகுப்புவாரிக் கணக்கு நடைமுறைக்கு வந்தது.

ஆக, சாதியைக் கேட்பதற்கு முன்னரே விண்ணப்பதாரரை நோக்கி அரசு 'எந்த மாவட்டம்?' என்று கேட்டிருக்கிறது. நீதிமன்றத்தில் வழக்காடியோர் இரண்டாம் கேள்வியைப் பற்றியே வாதிட்டனர். முதற்கேள்வி அன்று யாருடைய கண்ணையும் உறுத்தவில்லை.

இக்கட்டுரை அந்த முதற்கேள்வியின் பின்வரலாற்றை ஆராய முற்படுகிறது. மருத்துவக் கல்விக்கு விண்ணப்பித்த கிராமப்புற மாணாக்கரும் நகர்ப்புற மாணாக்கரும் ஒரே வாயிலின் முன் வெவ்வேறு நிலையில் நின்றனர் என்பதனை எந்த அரசும் மறுத்ததில்லை. ஆயினும் 'ஊர்' என்பதனை அவ்வேறுபாட்டிற்குரிய பெயராகச் சட்டம் ஒருபோதும் ஏற்கவில்லை. அதனால் அரசுகள் அதனை வேறு வேறு பெயர்களில் எழுத நேர்ந்தது. ஒவ்வொரு பெயர் மாற்றத்திலும் சிலர் உள்ளே வந்தனர், சிலர் வெளியே நின்றனர். நாம் கூற விழைவது இதுவே.

மாவட்டம் என்னும் அளவுகோல்

1950இல் இருந்த நான்கு கல்லூரிகளுள் சென்னை மருத்துவக் கல்லூரியும் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியும் தலைநகரிலேயே இருந்தன; விசாகப்பட்டினமும் குண்டூரும் பின்னர் ஆந்திரத்தோடு சென்றன. எனவே மொழிவழி மாநிலம் பிரிந்தபோது தமிழ்ப் பகுதியில் சென்னைக்கு வெளியே அரசு மருத்துவக் கல்லூரி என்று சொல்ல 1954இல் தொடங்கிய மதுரைக் கல்லூரி ஒன்றே இருந்தது. 1950களின் பிற்பகுதியில் தஞ்சாவூரும், 1965இல் திருநெல்வேலியும் செங்கற்பட்டும், 1966இல் கோயம்புத்தூரும் சேர்ந்தன. கல்லூரி ஊருக்கு அருகே வந்தது. ஆனால் இடம் கிடைக்குமா என்பது தனிக்கேள்வி.

அன்றைய மாணாக்கர் பள்ளியிறுதி வகுப்பினைத் தம் ஊரிலோ அண்மையிலிருந்த சிறு நகரிலோ முடிப்பர். அதுவும் பெரும்பாலும் தமிழில். அதன்பின் ஓராண்டுப் புகுமுக வகுப்பு. அது கல்லூரியில் நடைபெறும்; கல்லூரியோ நகரத்தில் இருக்கும்; அறிவியல் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடைபெறும். பதினொரு ஆண்டு தமிழில் கற்ற ஒருவர் ஆங்கிலத்தில் இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் கற்று, ஓராண்டிற்குள் மருத்துவக் கல்லூரிக்கு வேண்டிய மதிப்பெண்ணைப் பெற்றாக வேண்டும். விடுதிச் செலவு வேறு. நகரத்தில் ஆங்கிலவழிப் பள்ளியில் பயின்றவர்க்கு அவ்வோராண்டு பழகிய பாதையின் தொடர்ச்சி. கிராமத்தினின்று வந்தவர்க்கோ அது மொழியும் இடமும் ஒருங்கே மாறிய ஆண்டு.

இவ்வேறுபாட்டினை ஈடுசெய்யவே சென்னை அரசு 1967-68ஆம் ஆண்டுச் சேர்க்கைக்குரிய விதிகளில் மருத்துவ இடங்களை மாவட்டந்தோறும் மக்கள்தொகை விகிதப்படி பகிர்ந்தது. அதனை எதிர்த்து எழுந்ததே பி. இராஜேந்திரன் வழக்கு. மாவட்டப் பகிர்வு இல்லையேல் சென்னை நகரத்தாரே மிகுதியும் இடம்பெறுவர் என்னும் வாதம் அரசுத் தரப்பில் இருந்தது. 1968 சனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் நாம் உற்றுநோக்க வேண்டிய முரண் ஒன்றுண்டு. பிற்படுத்தப்பட்ட வகுப்பினரைச் சாதி அடிப்படையில் பட்டியலிட்டமை அவ்வழக்கில் செல்லுமென ஏற்கப்பட்டது. மாவட்டப் பகிர்வோ செல்லாதென நீக்கப்பட்டது. மருத்துவக் கல்விக்குத் தகுதிமிக்கோரைத் தேர்வதே நோக்கமாயின், ஒரு மாவட்டத்தில் கூடுதல் மதிப்பெண் பெற்றவர் இடமின்றித் திரும்ப, பிறிதொரு மாவட்டத்தில் குறைந்த மதிப்பெண் பெற்றவர் சேர்வதற்கு இம்முறை வழிசெய்யும் என்பது நீதிபதிகளின் கருத்து. சாதி பின்தங்கலாம், மாவட்டம் பின்தங்குவதற்குச் சட்டத்தில் இடமில்லை என்பதே அதன் நடைமுறைப் பொருளாயிற்று.

இவ்விடத்தில் அயல்நாட்டு நிகழ்வொன்றனை ஒப்புநோக்குதல் பயனுடைத்து. இந்தியாவில் மாவட்ட அளவுகோல் கைவிடப்பட்ட சில ஆண்டுகளில், 1974இல், இலங்கைப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் அது புகுந்தது. அதற்கு முன்னர் 1970களின் தொடக்கத்தில் மொழிவழித் தரப்படுத்தலால் தமிழ்வழியில் தேர்வெழுதியோர் மருத்துவம் முதலிய துறைகளுக்குக் கூடுதல் மதிப்பெண் பெறவேண்டியிருந்தது. அதன் காயம் ஆறாத நிலையில் மாவட்ட ஒதுக்கீடும் வந்தது. யாழ்ப்பாணம் இழந்தது, மன்னார், வவுனியா, மட்டக்களப்பு போன்ற பகுதிகளின் மாணாக்கர் சிலர் பயன்பெற்றனர். ஒரே அளவுகோல் ஒரே மொழி பேசுவோருள் ஒரு பகுதியார்க்கு அநீதியாகவும் மற்றொரு பகுதியார்க்கு வாயிலாகவும் தோன்றக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. மாவட்டம் என்பது தன்னளவில் நன்றோ தீதோ அன்று. யார் கையில், எதன் பின் வருகிறது என்பதே கேள்வி.

மூன்று நிமிட நேர்காணல்

மாவட்டம் விலக்கப்பட்டபின் தமிழ்நாட்டரசு 'தொகுதி' என்னும் முறையைக் கொணர்ந்தது. சென்னை நகரத்துக் கல்லூரிகள் அனைத்தும் ஒரு தொகுதி. வெளியூர்க் கல்லூரிகள் ஒவ்வொன்றும் தனித்தனித் தொகுதி. ஒவ்வொன்றிற்கும் தனித் தேர்வுக்குழு. மாணாக்கர் ஏதேனும் ஒன்றிற்கே விண்ணப்பிக்கலாம். இது விண்ணப்பதாரரின் வசதிக்காகச் செய்யப்பட்டது என்றே அரசு கூறியது. ஆயினும் சென்னைத் தொகுதியில் போட்டி கடுமையாக இருந்தமையால் அங்கு இடம் பெறாதவர் பெற்ற மதிப்பெண், வெளியூர்த் தொகுதியில் இடம் பெற்றவர் பெற்றதனினும் கூடுதலாக அமைந்தது. விலக்கப்பட்ட மாவட்டம் வேறு ஆடை அணிந்து மீண்டது என நாம் கொள்வதில் தவறில்லை. 1970 செப்டம்பரில் பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனையும் செல்லாதென்றது.

அவ்வழக்கு நமக்கு மற்றொரு வகையில் பெரிதும் பயன்படுகிறது. அன்றைய சேர்க்கையினை மாணாக்கர் எங்ஙனம் எதிர்கொண்டனர் என்பதற்கு எழுத்துச் சான்றுகள் மிகக் குறைவு. பெரியகருப்பன் தீர்ப்போ நேர்காணல் அறையின் உட்புறத்தையே நமக்குக் காட்டுகிறது. நேர்காணலுக்கு 75 மதிப்பெண். அதனை ஐந்து கூறுகளாகப் பகுத்திருந்தனர்: விளையாட்டு அல்லது தேசிய மாணவர் படைப் பயிற்சி, பாடத்திற்குப் புறம்பான சிறப்புப் பணிகள், உடல்நிலையும் தாங்கும் ஆற்றலும், பொதுத் திறன், மருத்துவத்தின்பால் நாட்டம். ஒரு மாணாக்கர்க்குச் சராசரியாகக் கிடைத்ததோ மூன்று நிமிடம்.

மூன்று நிமிடத்தில் ஒருவரது நாட்டத்தை அளத்தல் எவ்வாறு இயலும் என்பது ஒருபுறமிருக்க, அவ்வைந்து கூறுகளையும் யாருடைய வாழ்க்கையை முன்னிறுத்தி வகுத்தனர் என்பதனை ஆசிரியராகிய நாம் எளிதில் உணரலாம். தேசிய மாணவர் படையும் விளையாட்டுத் திடலும் சாரணர் இயக்கமும் உடைய பள்ளியில் பயின்றவர் சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டு உள்ளே செல்வார். ஏற்றம் இறைத்து, மாடு மேய்த்து, விடுமுறையில் களையெடுத்து வளர்ந்தவரின் தாங்கும் ஆற்றலுக்குச் சான்றிதழ் தருவோர் யாருமில்லை. தொகுதிமுறையால் நகரத்தார்க்கு நேர்ந்த இழப்பை நீதிமன்றம் கண்டு திருத்தியது. நேர்காணலில் மதிப்பெண் வழங்கப்பட்ட முறையினையும் அது கண்டித்தது. ஆனால் நேர்காணலால் கிராமத்தார்க்கு நேர்ந்த இழப்பு அவ்வழக்கில் யாராலும் கேட்கப்படாமலே நின்றது. வழக்குத் தொடுக்கும் வசதியும் நகரத்தையே சார்ந்திருந்தது போலும்.

கிராமம் ஒரு வகுப்பாகுமா?

மாவட்டமும் தொகுதியும் கூடா எனின், 'கிராமப்புறம்' என்றே வெளிப்படையாக ஒதுக்கலாமே என்னும் எண்ணம் எழுவது இயல்பு. அதனை உத்தரப் பிரதேசம் முயன்று பார்த்தது. அம்மாநில மருத்துவக் கல்லூரிகளில் மலைப்பகுதியினர்க்கும் உத்தராகண்டப் பகுதியினர்க்கும் கிராமப்புறத்தார்க்கும் இடம் ஒதுக்கப்பட்டது. பிரதீப் டாண்டன் வழக்கில் 1974 நவம்பரில் தலைமை நீதிபதி ஏ.என். ராய் அளித்த தீர்ப்பு முன்னிரண்டினையும் ஏற்று, மூன்றாவதை மட்டும் நீக்கியது. மாநில மக்களுள் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் கிராமத்தார். அத்துணைப் பெரும் மக்கள்திரள் ஒரே தன்மையுடைய பின்தங்கிய வகுப்பாகாது. வறுமை கிராமத்திற்கு மட்டும் உரியதன்று என்பன அத்தீர்ப்பின் காரணங்கள்.

இக்காரணங்களில் உண்மை இல்லாமலில்லை. ஊரில் நிலக்கிழாரின் மகனும் உண்டு, அவர் நிலத்தில் கூலிக்கு உழைப்பவரின் மகளும் உண்டு. இருவரையும் 'கிராமத்தார்' என ஒரே சொல்லால் அடக்குதல் பொருந்தாது. எனினும் அவ்விருவரும் ஒரே பள்ளியில் அமர்ந்து, உயிரியல் ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்கும் ஆண்டினை ஒருசேரக் கடந்திருப்பின், அவ்விழப்பு இருவர்க்கும் பொதுவானதன்றோ? நீதிமன்றம் மக்களை எண்ணிற்று, பள்ளியை எண்ணவில்லை. இவ்வேறுபாடு அரை நூற்றாண்டிற்குப் பின்னரே சட்டத்தில் இடம்பெறப் போகிறது.

பிரதீப் டாண்டன் தீர்ப்பு நிலைத்திருந்தும் தமிழ்நாட்டில் அம்முயற்சி கைவிடப்படவில்லை. 1990களின் பிற்பகுதியில் தி.மு.க. ஆட்சியில், ஊரகப் பள்ளிகளில் தொடர்ந்து பயின்றோர்க்குத் தொழிற்கல்வியில் 15 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. பின்னர் வந்த அ.தி.மு.க. ஆட்சி அதனை 25 விழுக்காடாக உயர்த்தியது. சென்னை உயர் நீதிமன்றம் அதனைச் செல்லாதென்றது. கட்சி மாறியும் கொள்கை மாறாத அரிய நேர்வுகளுள் இஃது ஒன்று.

நுழைவுத் தேர்வும் அதன் நீக்கமும்

1978இல் புகுமுக வகுப்பு மறைந்து மேனிலைக் கல்வி பள்ளிக்கு வந்தது. இம்மாற்றத்தைக் கல்வி வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் நிருவாகச் செய்தியாகவே எழுதுகின்றனர். நம் நோக்கில் அது கிராமப்புற மாணாக்கர்க்கு நேர்ந்த பெருமாற்றங்களுள் ஒன்று. சிறு நகரத்து மேனிலைப் பள்ளியில், தமிழ்ப் பாடநூலைக் கொண்டு, வீட்டிலிருந்தவாறே மிதிவண்டியில் சென்று இயற்பியலும் உயிரியலும் கற்கும் வாய்ப்பு அப்போதுதான் பரவலாயிற்று.

வாயில் திறந்த ஆறாம் ஆண்டில் மற்றொரு பூட்டு வந்தது. 1984இல் எம்.ஜி.ஆர். அரசு தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வினை ஏற்படுத்தியது. மேனிலைத் தேர்விலிருந்து 200, நுழைவுத் தேர்விலிருந்து 100, ஆக 300 என்பது நெடுங்காலம் தமிழ்நாட்டு இல்லங்களில் வழங்கிய கணக்கு. நேர்காணலில் நிலவிய சார்பு நீங்கியது என்பதனை ஒப்புக்கொள்ள வேண்டும். எனினும் அந்நூறு மதிப்பெண்ணைப் பெறுவதற்கான பயிற்சி பள்ளியில் கிடைக்கவில்லை. அதனை விற்றோர் பெரும்பாலும் நகரங்களில் இருந்தனர். மார்ச்சில் பொதுத் தேர்வு முடிந்தவுடன் நகரத்து மாணாக்கர் பயிற்சி வகுப்பிற்குச் செல்ல, ஊரிலிருப்போர்க்கு அவ்விடைவெளி அறுவடை வேலைக்கோ கடை வேலைக்கோ சென்றது.

இத்தேர்வினை நீக்க 2005இல் செயலலிதா அரசு பிறப்பித்த ஆணையும், 2006இன் தொடக்கத்தில் இயற்றிய சட்டமும் உயர் நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. அடுத்து வந்த கருணாநிதி அரசு முனைவர் மு. ஆனந்தகிருட்டிணன் தலைமையில் குழு அமைத்து, அதன் பரிந்துரையின் பேரில் சட்டமியற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றது. 2007இல் உயர் நீதிமன்றமும் அதனை ஏற்றது. 2007-08 முதல் மேனிலைத் தேர்வு மதிப்பெண் ஒன்றே அளவுகோலாயிற்று: உயிரியலுக்கு நூறு, இயற்பியலுக்கு ஐம்பது, வேதியியலுக்கு ஐம்பது.

அவ்வாண்டுகளின் விண்ணப்பப் பயணத்தை நாம் சற்றே விரித்துக் காணலாம். வட்டாட்சியர் அலுவலகத்தில் சாதிச் சான்று, பிறப்பிடச் சான்று. தலைமையாசிரியரிடம் பயின்றமைக்கான சான்று. பின்னர் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றும் சேர்ந்தது. வங்கியில் வரைவோலை. தரவரிசைப் பட்டியல் வெளியானபின் கலந்தாய்விற்குச் சென்னைப் பயணம். திரையில் ஓடும் காலியிடப் பட்டியலை நோக்கிச் சில நிமிடங்களில் கல்லூரியைத் தெரிவுசெய்தல் வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரியா, ஸ்டான்லியா என்பது நகரத்தாரின் கவலை. தூத்துக்குடி கிடைத்தால் விடுதிச் செலவு எவ்வளவாகும், தேனி கிடைத்தால் வாரந்தோறும் வீட்டிற்கு வர இயலுமா என்பன ஊரினின்று வந்தோர் கவலைகள். உறவினரில்லாத ஊரில் இரவைக் கழிக்க இடந்தேடுதலும் அப்பயணத்தின் பகுதியே.

இக்காலத்தைக் கிராமப்புறத்தாரின் பொற்காலம் என இன்று பலர் எழுதுகின்றனர். நாம் அக்கூற்றினை முழுமையாக ஏற்கவில்லை. கிராமப்புறத்தார் பெருமளவில் சேர்ந்தனர் என்பது மெய். ஆனால் அவர்களுள் அரசுப் பள்ளி மாணாக்கர் மிகச் சிலரே. நாமக்கல், இராசிபுரம் வட்டாரங்களில் தனியார் உறைவிடப் பள்ளிகள் பெருகி, பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு ஈராண்டும் பன்னிரண்டாம் வகுப்பு வினாக்களையே மாணாக்கர்க்குப் புகட்டின. கோழிப்பண்ணைக்கும் சரக்குந்துக்கும் பெயர்பெற்ற அவ்வட்டாரம் நகரமன்று. பயிற்சி என்பது நகரத்தை விட்டு வயல்வெளிக்கு வந்திருந்தது. விலை மட்டும் குறையவில்லை. கடன் வாங்கியும் நிலத்தை விற்றும் பிள்ளையை அங்கே சேர்த்த பெற்றோரும் கிராமத்தாரே, சேர்க்க இயலாத பெற்றோரும் கிராமத்தாரே. 'கிராமப்புறத்தார்' என்னும் விழுக்காட்டுக் கணக்கு இவ்விருவரையும் பிரித்துக் காட்டவில்லை. பதினோராம் வகுப்பிற்கு அரசு பொதுத் தேர்வு நடத்தத் தொடங்கியது 2017-18இல்தான். அதற்குள் வாயிலே மாறிவிட்டிருந்தது.

ஒரே நாடு, ஒரே வினாத்தாள்

இந்திய மருத்துவக் குழுமத்தின் பொது நுழைவுத் தேர்வினை உச்ச நீதிமன்றம் 2013 சூலையில் செல்லாதென்றது. 2016 ஏப்ரலில் அத்தீர்ப்பினைத் தானே திரும்பப் பெற்றது. தமிழ்நாடு 2016இல் ஓராண்டு விலக்குப் பெற்றது. 2017 பிப்ரவரியில் சட்டமன்றம் நிறைவேற்றிய விலக்குச் சட்டமுன்வடிவுகளுக்கு ஒப்புதல் கிட்டவில்லை. மாநிலப் பாடத்திட்டத்தில் பயின்றோர்க்கு 85 விழுக்காடு இடம் என்னும் அரசாணை சூலையில் உயர் நீதிமன்றத்தில் வீழ்ந்தது. ஓராண்டு விலக்கு கிடைக்கக்கூடும் என்னும் நம்பிக்கை ஆகத்து 22ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தில் முடிவுற்றது. ஆக, மேனிலைத் தேர்வினை ஒரு விதியின்கீழ் எழுதிய மாணாக்கர், எவ்விதியின்கீழ் சேர்க்கப்படுவர் என்பதை அறிய ஆகத்து இறுதிவரை காத்திருந்தனர். அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா 1200க்கு 1176 பெற்றவர். சுமைதூக்கும் தொழிலாளியின் மகள். உச்ச நீதிமன்ற வழக்கில் தம்மையும் இணைத்துக்கொண்டவர். செப்டம்பர் முதல் நாள் அவர் உயிர் நீத்தார். அவரது மறைவு குறித்து எழுதப்பட்டவை மிகுதி. நாம் இங்குக் குறிக்க விழைவது கால அளவினை மட்டுமே. பழைய விதிப்படி ஆயத்தம் செய்தவர்க்குப் புதிய விதிக்கெனத் தரப்பட்ட அவகாசம் மிகக் குறுகியது. நகரத்தில் நடுவண் பாடத்திட்டத்தில் பயின்று, ஈராண்டாகப் பயிற்சி மையத்திற்கும் சென்றவர்க்கு அவ்வவகாசம் தேவைப்படவேயில்லை.

அடுத்த ஆண்டு, 2018 மே 6ஆம் நாள் நடந்த தேர்வில் தமிழ்நாட்டு மாணாக்கர் சிலர்க்குக் கேரளத்திலும், இராசத்தானிலும், சிக்கிமிலும்கூடத் தேர்வு மையங்கள் அமைந்தன. தொடர்வண்டிக்கும் தங்குமிடத்திற்கும் பணம் திரட்டி, முன்பின் அறியாத ஊருக்குச் சென்று, மறுநாள் காலையில் தேர்வெழுத வேண்டும். மகனை எர்ணாகுளத்திற்கு அழைத்துச் சென்ற தந்தை ஒருவர், தேர்வு நாளன்றே அங்கு மாரடைப்பால் காலமானார்.

தமிழாசிரியராகிய நாம் பொறுத்துக்கொள்ள இயலாத செய்தி ஒன்றும் அத்தேர்வில் உண்டு. தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருந்தன. சிறுத்தை என வரவேண்டிய இடத்தில் 'சீத்தா' என்று அச்சாகியிருந்தது. ஐயம் எழுமாயின் ஆங்கில வடிவமே முடிவானது என்பது விதி; அதாவது தமிழில் எழுதும் உரிமை பெற்ற மாணாக்கர், ஆங்கிலத்தில் சரிபார்க்கும் ஆற்றலும் பெற்றிருக்க வேண்டும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2018 சூலையில் வினா ஒன்றுக்கு நான்காக 196 மதிப்பெண் வழங்க ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அவ்வாணைக்குத் தடைவிதித்து, பின்னர் அதனை நீக்கியது. மாணாக்கர் சேர்க்கை பிழையான வினாத்தாளின் அடிப்படையிலேயே நிறைவுற்றது. மூலத்தையும் பெயர்ப்பையும் அருகருகே வைத்து நோக்கும் பயிற்சியுடைய ஒரு தமிழாசிரியரிடம் அத்தாள் ஒரு மாலைப்பொழுது இருந்திருப்பின் அவற்றுள் பல நேர்ந்திரா.

நீதியரசர் ஏ.கே. ராசன் குழு 2021 சூலையில் அளித்த அறிக்கை இம்மாற்றங்களை எண்களில் தருகிறது. 'நீட்' தேர்வுக்கு முன்னர் அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கினராக இருந்த கிராமப்புறத்தார், 2020-21இல் ஏறக்குறையப் பாதியாயினர். தமிழ்வழியில் பயின்றோர் நூற்றுக்கு இருவர் என்னும் அளவிற்குச் சுருங்கினர். நம் பார்வையில் இவற்றினும் ஆழ்ந்த பொருளுடையது மற்றோர் எண். முதன்முறையிலன்றி மீண்டும் எழுதிச் சேர்ந்தோர் 2016-17இல் 12.47 விழுக்காடு, 2020-21இல் 71.42 விழுக்காடு. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பின் ஓராண்டோ ஈராண்டோ ஊதியமின்றி, பயிற்சிக்குக் கட்டணம் செலுத்தி, வீட்டில் அமர்ந்திருக்க வல்லவர் யார் என்பதே இப்போது தகுதியின் ஒரு கூறாகிவிட்டது. பெண்பிள்ளையை அவ்வாறு ஈராண்டு வைத்திருக்க ஊரும் உறவும் இசையுமா என்பது தனியே ஆராயத்தக்கது.

எதிர்த்தரப்பின் வலிமையான வாதம் ஒன்றனையும் இங்குச் சுட்டல் கடன். பொதுத் தேர்வு வருமுன் தனியார் கல்லூரிகளிலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் பெருந்தொகைக்கு இடங்கள் விலைபோயின. அவ்விடங்கள் ஊர்ப்புற ஏழை மாணாக்கர்க்கு என்றும் எட்டாதவையாகவே இருந்தன. அவ்வகையில் ஒழுங்கு ஒன்று தேவைப்பட்டது. ஆனால் தனியார் கல்லூரியின் நோய்க்கு அரசுக் கல்லூரிக்கும் சேர்த்து மருந்து தரப்பட்டது என்பதே தமிழ்நாட்டின் முறையீடு. 2021 செப்டம்பரில் சட்டமன்றம் நிறைவேற்றிய விலக்குச் சட்டமுன்வடிவு, ஆளுநரால் திருப்பப்பட்டு, 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேறியது; குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டமையை 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

பள்ளி என்னும் பெயர்

இதற்கிடையில் ஒரு வாயில் திறந்தது. நீதியரசர் பொ. கலையரசன் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 2020 செப்டம்பரில், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் சட்டம் நிறைவேறியது. குழு பரிந்துரைத்தது பத்து விழுக்காடு. அரசு ஏற்றது ஏழரை. ஆளுநரின் ஒப்புதல் தாமதமாகவே, அக்டோபர் 29ஆம் நாள் அரசாணை பிறந்தது; மறுநாள் ஒப்புதலும் வந்தது. அதற்கு முந்திய ஆண்டில் விரல்விட்டு எண்ணும் அளவினராயிருந்த அரசுப் பள்ளி மாணாக்கர், அவ்வாண்டு முந்நூற்றுக்கு மேற்பட்டோர் எம்.பி.பி.எஸ். இடம் பெற்றனர். 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றமும் இச்சட்டம் செல்லும் என்றது. மாவட்டம், தொகுதி, ஊரகம் என்பனவெல்லாம் வீழ்ந்த களத்தில் 'அரசுப் பள்ளி' என்னும் சொல் நிலைபெற்றது.

முதலாண்டுக் கலந்தாய்விலேயே ஓர் இடர் வெளிப்பட்டது. தரவரிசைப்படி தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த சிலர், கட்டணத்தைக் கேட்டவுடன் இடத்தை விடுத்துத் திரும்பினர். கட்டணத்தை அரசே ஏற்கும் என்னும் அறிவிப்பு சில நாள் கழித்து வந்தது. அதற்குள் ஊர் திரும்பியவர்கள் இழந்த இடத்திற்காக நீதிமன்றத்தை நாட நேர்ந்தது. இடம் வழங்குதல் வேறு, சேர்வதற்கு வழிசெய்தல் வேறு என்பதனை விதி வகுத்தோர் கலந்தாய்வு அரங்கில்தான் கற்றனர்.

இச்சட்டத்தின் எல்லைக்கோடும் நம் கவனத்திற்குரியது. மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகளும், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும், வனத்துறைப் பள்ளிகளும் 'அரசுப் பள்ளி' என்பதனுள் அடங்கும். அரசு உதவிபெறும் பள்ளிகள் அடங்கா. எனவே வடசென்னையின் மாநகராட்சிப் பள்ளியில் பயின்ற மாணவி, தலைநகரில் பிறந்து வளர்ந்தவராயினும் இவ்வொதுக்கீட்டிற்கு உரியவர்; அது முறையே. குமரி மாவட்டத்துச் சிற்றூரில், அண்மையிலுள்ள ஒரே பள்ளி அறநிறுவனம் நடத்தும் உதவிபெறும் பள்ளி என்பதனால் அங்கே பயின்று, அரசு ஊதியம் பெறும் ஆசிரியரிடமே பாடம் கேட்ட மீனவர் மகள் உரியவரல்லர். உதவிபெறும் பள்ளிகளையும் சேர்க்க வேண்டுமெனத் தொடுக்கப்பட்ட வழக்குகளை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. அம்மாணவியின் விண்ணப்பத்தில் ஊரின் பெயரை எழுத ஒரு கட்டம் உண்டு. முகவரிக்காக மட்டும்.